ஒல்லாந்தர் நுழைய முடியாத ஒழுங்கை

மகன் நோர்வேயிலிருந்து அனுப்பிய பெட்டியைத் திறந்தபோது முதலில் கையில் பட்டது ஒரு தேவாலயம். கூரான முகடு, பனி வழுக்கி விழுவதற்கென்றே சரித்த கூரை. கூடவே புகைபோக்கி வைத்த நான்கு வீடுகள், ஒரு பை நிறைய ஊசியிலை மரங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், பஞ்சில் சுற்றியபடி, பெருவிரல் நுனிக் கணுவளவு ஈயச் சிப்பாய்கள். பாதிப் பேர் பறங்கியர் என்கிற போர்த்துக்கேயர், பாதிப் பேர் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்.

"பறங்கியரிட்டை இருந்து ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச சண்டையை மேசையிலை விளையாடுவம் அப்பா," என்றான் போனில். "ஊரையும் வீடுகளையும் நீங்கள் வையுங்கோ. நான் கமராவாலை பாப்பன். நான் ஒல்லாந்தர், நீங்கள் பறங்கியர்."

எனக்கு அறுபத்திரண்டு வயது, அவனுக்கு முப்பத்தைந்து. இந்த வயதில் இரண்டு பேருக்கும் இது தேவையா என்று நினைத்தேனே தவிரச் சொல்லவில்லை. என் மனைவி இறந்து நாலாம் மாதம் அது. அவன், பன்னிரண்டு வயதில் தாய்மாமனோடு நோர்வேக்கு அனுப்பிவைத்த பிள்ளை. தாயோடுதான் மணிக்கணக்கில் கதைப்பான். என்னோடு என்றால், சாப்பிட்டீங்களோ, ஓம், சுகமோ, ஓம், சரி வைக்கிறன். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் இருவருக்கும் மூச்சு முட்டும்.

விளையாட்டு விளங்குவதற்குக் கடினமில்லை. ஒரு முறைக்குச் சிப்பாய் ஆறு அங்குலம் நடக்கலாம். எதிரி கண்ணுக்குத் தெரிந்தால் சுடலாம். பட்டதா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். ஆனால் அவன் அனுப்பிய வீடுகளை மட்டும் மேசையில் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அரச அலுவலகமொன்றில் முப்பத்திரண்டு வருடம் கட்டட வரைபடம் கீறியவன் நான். யாழ்ப்பாணத்து அரியாலையில் புகைபோக்கி வைத்த வீட்டை எந்த மனிதன் கட்டுவான்?

"அப்ப கோட்டையையாவது இப்ப இருக்கிற மாதிரிச் செய்யுங்கோ," என்றான்.

அதுவும் முடியாது. இப்போது நிற்கும் ஐங்கோணக் கோட்டை ஒல்லாந்தர் பிறகு கட்டியது. அதை வைத்தால் அவர்கள் தாங்கள் இனிமேல் கட்டப்போகும் கோட்டையைத் தாங்களே முற்றுகையிடுவார்கள். பறங்கியரின் கோட்டை நாற்சதுரம். அதைச் செய்து முடிக்க எனக்குப் பதினேழு நாள் பிடித்தது. கோயில் கோபுரம் ஒன்று வைத்தால் வடிவாக இருக்கும் என்றான். கோபுரங்களைப் பறங்கியர் இடித்து முடித்திருந்த காலம் அது என்றேன். பீரங்கி நிறுத்த ஒரு மலை கேட்டான். யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது என்றேன். கீரிமலை இருக்கிறதே என்றான். பேரில்தான் மலை, போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்தான் என்றேன். அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனாலும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆறு பேர் இருந்து சாப்பிடும் மேசை அது. ஒரு மூலையில் என் சாப்பாட்டுக் கோப்பையை வைப்பதற்கு மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல் சலித்த மணலைப் பசை போட்டு ஒட்டினேன். கம்பியிலும் தும்பிலும் பனைகள் செய்தேன். சாப்பாட்டை அடுப்படியில் நின்றபடி முடித்துக்கொண்டேன். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு எதிர்க் கதிரையில் இரண்டு தலையணைகளை அடுக்கி, அவற்றின் மேல் போனைச் சாய்த்து நிறுத்துவேன். அதுதான் அவன். அங்கே அப்போது முற்பகல். மூன்று மணித்தியாலம் போவது தெரியாது. விதிப்புத்தகத்தை அவன் அடிக்கடி புரட்டுவான். இத்தனை காலம் விளையாடுகிறவனுக்கு இன்னும் பாடமில்லையா என்று நான் கேலி செய்வேன். திங்கட்கிழமை விடிந்தால் அடுத்த ஞாயிறுக்கு ஆறு நாள் கிடக்கும். அந்த ஆறு நாளும் வீட்டில் என் குரலை நானே கேட்காமல் போவதுண்டு.

வெளியூர் வயல்வெளிகளில் சண்டை நடந்தவரை பிரச்சினை இல்லை. ஒல்லாந்தர் நகருக்குள் வரும் கட்டம் வந்தபோதுதான் வேலிகளைச் செய்தேன். மலையும் ஆறும் இல்லாத ஊரில் கண்ணை மறைப்பது வேலிதானே. ஈர்க்குகளை வேலிக் கதியாலாக நட்டு, பழைய ஓலை விசிறியை நறுக்கிக் கட்டினேன். ஆளுயரத்துக்கு மேல் அரை ஆள் உயரம். இரு வேலிகளுக்கு நடுவே ஒடுங்கிய ஒழுங்கைகள் வளைந்து வளைந்து போயின. ஒவ்வொரு வீட்டு வளவும் அதன் கிணற்றோடு நாலு பக்கமும் அடைத்தபடி இருந்தது. பார்க்கப் பெருமையாகவே இருந்தது.

அந்த ஞாயிறு ஒல்லாந்தர் ஒழுங்கைக்குள் இறங்கி அரை மணித்தியாலமாகியும் யாரும் யாரையும் சுடவில்லை. யாருக்கும் யாரும் தெரியவில்லை. கமராவுக்கும் தெரியவில்லை.

"அப்பா, உந்த வேலியளைக் கொஞ்சம் எடுங்கோ. எனக்கு ஓலையைத் தவிர ஒண்டும் தெரியேல்லை."

"எடுக்கேலாது. ஊர் அப்பிடித்தான் இருந்தது."

"அப்பிடி இருக்கேல்லை. பொட்டு எங்கை?"

இரண்டு வீட்டுக்காரர் ரோட்டால் சுற்றாமல் போய்வர, நடு வேலியில் ஓலையை விலக்கி விடுகிற இடைவெளிக்குத்தான் எங்கள் ஊரில் பொட்டு என்று பெயர். எனக்குக் காது சுட்டது. முப்பத்திரண்டு வருட வரைபடக்காரன் அதை மறந்துபோயிருந்தேன்.

"பன்னிரண்டு வயசிலை போனவன் நீ. உனக்கென்ன தெரியும்?"

"கிணத்தடியிலை இருந்தது. அதாலைதான் அம்மா பெரியம்மா வீட்டை போறது. இப்பவும் இருக்குத்தானே?"

"இருக்குது," என்றேன். "உன்ரை விளையாட்டை வேறை ஆரோடையும் விளையாடு," என்று சொல்லி போனை நிறுத்திவிட்டேன்.

இருக்குது என்றது பொய். பெரியம்மா என்று அவன் சொன்னது பக்கத்து வீட்டுக்காரியை. சொந்தமில்லை, என் மனைவி அக்கா என்று கூப்பிட்டதால் அவனுக்குப் பெரியம்மா. மனைவி போன பிறகு அவர் நாள் தவறாமல் அந்தப் பொட்டால் வந்தார். ஒரு நாள் பிட்டு, ஒரு நாள் மீன்குழம்பு. வைத்துவிட்டுப் போனால் பரவாயில்லை. நின்று என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் மாதம் வேலியைப் பிடுங்கி மதில் கட்டினேன். நாய் வருகிறது என்று காரணம் சொன்னேன். கொத்தனார் வேலை செய்த இரண்டு நாளும் அவர் தன் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் குரலை மதிலுக்கு மேலால் கேட்பதோடு சரி.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குப் போன் வரவில்லை. அழைப்பது எப்போதும் அவன்தான். நான் எடுத்த பழக்கமில்லை. தனியாகவே விளையாடிப் பார்த்தேன். இந்தக் கதிரையில் இருந்து பறங்கியரை நகர்த்திவிட்டு, எழும்பிப் போய் அந்தக் கதிரையில் இருந்து ஒல்லாந்தரை நகர்த்துவேன். இரு பக்கமும் என்ன நினைக்கிறது என்று எனக்குத் தெரியும். பிறகு சண்டை எப்படி நடக்கும்? அதற்கடுத்த ஞாயிறும் போன் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. மனைவி போனபோதுகூட இப்படிப் பயப்படவில்லை.

மூன்றாம் ஞாயிறு காலை சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, மேசையில் ஒரு வளவின் கிணற்றடிப் பக்க வேலியில் ஓலையை வெட்டினேன். ஒரு சிப்பாய் பக்கவாட்டில் திரும்பி நுழையும் அளவு. சரியாக இருக்கிறதா என்று பார்க்க மோவாயை மணலில் வைத்துக் குனிந்தேன். பொட்டுக்கு அப்பால் எதிர்க் கதிரையும் அதில் இரண்டு தலையணைகளும் தெரிந்தன. அவற்றின் மேல் எதுவும் இல்லை.

மூன்று மணிவரை பொறுத்திருந்து நானே போன் எடுத்தேன். உடனே வந்தான். போனைத் தலையணையில் சாய்த்துவிட்டு என் பக்கம் வந்து இருந்தேன்.

"பொட்டு வைச்சிட்டன்," என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"கிணத்தடிப் பக்கம்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா எங்கடை வீட்டிலை இல்லை. மதில் கட்டிப்போட்டன். அம்மா போய் மூண்டாம் மாசம். அண்டைக்கு உனக்குப் பொய் சொன்னனான்."

"தெரியும் அப்பா."

"எப்பிடி?"

"பெரியம்மா அப்பவே போன் எடுத்துச் சொன்னவ. உன்ரை கொப்பர் ஒருத்தரையும் கிட்ட விடுறாரில்லை, நீயாவது ஏதும் செய் எண்டு அழுதவ. அதுக்குப் பிறகுதான் கடைக்குப் போய் உந்தப் பெட்டியை வாங்கினனான். அதுக்கு முதல் உந்த விளையாட்டு எனக்கு என்னெண்டே தெரியாது."

விதிப்புத்தகத்தை அவன் புரட்டிப் புரட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. நான் கேலி செய்ததும்தான். கண்ணைத் துடைத்தால் கமராவில் தெரியும் என்று துடைக்காமல் இருந்தேன். மேசையில் அவனுடைய ஒல்லாந்தர் கிணற்றடிப் பொட்டுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். உள்ளே என் பறங்கியர் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். ஐந்து அங்குலம்கூட இல்லை, தாயக்கட்டையே தேவைப்படாது.

"இப்ப உங்கடை முறை," என்றான் மகன். "சுடப்போறியளோ?"

"இல்லை," என்றேன். "உள்ளை வா."