கமலம் டீச்சர் ஒட்டவைத்த பக்கங்கள்

இன்று இரண்டாம் பீரியடில் பியூன் வந்து சொன்னார்: கமலம் டீச்சர் நேற்று மாரடைப்பில் இறந்துவிட்டார். வகுப்பே அழுதது. நான் அழவில்லை. என் அப்பாவுக்கு எழுதுவதாக அவர் மிரட்டிய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டாரா என்றுதான் நினைத்தேன்.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நாளைய இரங்கல் கூட்டத்துக்கான உரையை எழுதிப் படிக்கும் வேலையைத் தலைமையாசிரியை என்னிடமே கொடுத்தார். எழுதிவிட்டேன். அதில் டீச்சர் தாய் போன்றவர். இது, அவரை அறிந்த தோழிகளான உங்களுக்கு, அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் மறைத்து மறைத்து எழுதுவது.

ஜூன் மாதம் மைதாப் பசைக் கிண்ணத்தோடு வந்தாரே, நினைவிருக்கிறதா? இனப்பெருக்கப் பாடத்தின் பக்கங்களை நாமே ஒட்ட வேண்டும். “பொண்ணுங்களுக்கு இது வேணாம். பரீட்சைல வந்தா விட்டுடுங்க. பத்து மார்க் போனா உயிரா போயிடும்?” நாற்பது பேரும் ஒட்டினோம்.

நான் வீட்டில் ஈரத்துணி வைத்துப் பிரித்தேன். உள்ளே மீன் முட்டை. தாய்மீன் தண்ணீரில் முட்டையிட, ஆண்மீன் அங்கேயே விந்தை விடுகிறது. விந்தணு உள்ளே போக முட்டையின் தடித்த உறையில் நுண்துளை உண்டு. எத்தனை துளை, நுழைந்த பின் என்ன ஆகிறது என்ற வரிகள் பசையோடு கிழிந்துவிட்டன.

நானே பார்த்துவிடுவது என்று மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போனேன். “இன்னா பாப்பா, மீன் வாணாம், சினை மட்டும் போதுமா? வூட்ல பூனை கீதா?” என்று சிரித்துக்கொண்டே மீன்காரம்மா இலையில் மடித்துத் தந்தார். சாப்பாட்டு வேளையில் பள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கறுப்பு உருண்டைதான் தெரிந்தது. நோட்டில் ஊகமாக வரைந்தேன்: சுற்றிலும் துளைகள், துளைக்கு ஒரு விந்தணு.

நாற்றம் டீச்சரைக் கூட்டிவந்துவிட்டது. “சீ! படிக்கிற பொண்ணு தேடற விஷயமாடி இது? நடத்தை சரியில்லேன்னு உங்கப்பாவுக்கு லெட்டர் போடறேன் பாரு.” நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். அது போன வெள்ளிக்கிழமை.

அப்பா பாண்டிபஜார் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். “பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு சொல் வரட்டும், தையில உனக்குக் கல்யாணம்” என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

இன்று மாலை, டீச்சர் மேசையில் இருந்த நோட்டுகளை எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார்கள். கடைசியில் என்னுடையது. கடிதம் மேசையில் எங்கும் இல்லை. என் படத்தில் ஒன்றைத் தவிர மற்ற துளைகள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில்: “துளை ஒன்றே. ஒரு விந்தணு போகும் அளவுதான். அது நுழைந்ததும் வழி அடைபடும்.” கீழே பத்துக்கு இரண்டு.

தெரிந்தே இருந்திருக்கிறது அவருக்கு. தெரிந்திருந்தும் பசை காய்ச்சியிருக்கிறார். வாயால் சொல்ல அரை நிமிடம் ஆகாது. செத்தவர்களைத் திட்டக்கூடாதாம். என்னால் முடியவில்லை.

நாளை தபால்காரர் எங்கள் தெருவுக்கு வரும் நேரத்தில் நான் பிரார்த்தனை மண்டபத்தில் உரை படித்துக்கொண்டிருப்பேன். கடிதம் வந்தால் எனக்குப் பள்ளியில் அதுவே கடைசி நாள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மூன்று சிவப்பு வரிகளை மட்டும். உரை முடிந்ததும், அஞ்சலிக்கு எழுந்து நிற்கும் நீங்கள் உட்காரும் முன், அவற்றையும் உரக்கப் படிக்கப் போகிறேன். குரல் நடுங்கும். அதைத் துக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.