சத்தம் கேட்டால் ஓடு

பக்கத்து வீட்டு பீட்டர் ஒரு நாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, என் எடை எவ்வளவு என்று கேட்டார். இங்கிலாந்தின் வடக்கே உள்ள இந்தச் சிற்றூருக்கு நாங்கள் குடிவந்ததிலிருந்து அவர் என்னிடம் மழையைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறார். இங்கே யாரிடமும் வயதையும் சம்பளத்தையும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் என் கணவர் என்னை அழைத்து வந்தார். எடையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. திகைத்துப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். பீட்டருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

விஷயம் இதுதான். ஆண்டுக்கொரு முறை இந்த ஊர்க்காரர்கள் மரப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டி, அதற்குள் உட்கார்ந்து, எஞ்சின் இல்லாமல் தேவாலயத்து மேட்டிலிருந்து கடைத்தெரு வரை உருண்டு வருகிறார்கள். சோப்பாக்ஸ் ரேஸ் என்று பெயர். அதற்காகப் போலீஸ் சாலையை அடைத்துக் கொடுக்கிறது. நம் ஊரில் பொடியன்கள் டயர் உருட்டினாலே வேறு வேலை இல்லையா என்று விரட்டுவோம். இங்கே வங்கி மேலாளர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உருண்டு வருகிறார், ஊரே கைதட்டுகிறது. எங்கள் தெரு வண்டிக்கு பீட்டர் மாட்டியவை பழைய குழந்தை வண்டிச் சக்கரங்கள். கனத்த ஆள் உட்கார்ந்தால் வளைந்துவிடும். அதனால் நான். எனக்குச் சிவகாசிப் பக்கம் என்று தெரிந்ததும் வண்டியை ராக்கெட்டாக்கி, சிவப்பும் மஞ்சளும் அடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவுகிற பெண் என்பதற்கு மேல் இந்தத் தெரு என்னை அறிந்ததில்லை. முதல்முறையாக என்னால் ஆகவேண்டியது ஒன்று இருக்கிறது என்று என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் நான்தான் உட்கார வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை ஒத்திகை. வண்டியைத் திருப்பும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொடி அசைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பின்னால் சின்னதாக ஒரு பீரங்கியை வெடித்தார்கள். அடுத்து எனக்கு நினைவிருப்பது, தேவாலயத்துக்குப் பின்னால் புல்வெளியில் மூச்சிரைக்க நிற்கிறேன். ராக்கெட் ஆளில்லாமல் இறங்கிப் போய் வைக்கோல் கட்டுகளில் முட்டி நின்றிருந்தது. வேடிக்கைக்காகச் செய்தேன் என்று எண்ணிக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்போம். கல்யாணத்துக்கு முன்பு நானும் தங்கை முத்துமாரியும் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பயர் ஆபீசில் வேலை பார்த்தோம். அறைக்கு நாலு பேர், நாலு பக்கமும் வாசல். வாசலில் ஒரு வாளியைக்கூட வைக்க விடமாட்டார்கள். திரி வைக்கப் பழகும் முன்பே ஓடப் பழகிவிடுவோம். சத்தம் கேட்டால் எதையும் எடுக்காதே, யாரையும் தேடாதே, என்னவென்று பார்க்காதே, ஓடு. நாடெல்லாம் வெடிக்கிற சத்தத்தை நாங்கள்தான் செய்து அனுப்பினோம். ஆனால் சத்தமே கேட்காமல் முடிகிற நாள்தான் எங்களுக்கு நல்ல நாள். ஒரு சீசனில் பக்கத்து வெடிமருந்து அறையில் சத்தம் கேட்டது. நாங்கள் நாலு பேரும் கருவேலங்காட்டுக்குள் போய்த்தான் திரும்பிப் பார்த்தோம். நாங்கள் உட்கார்ந்திருந்த அறை இல்லை.

இதை எந்த ஆங்கிலத்தில் பீட்டருக்குச் சொல்வது? “எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் ஓட வேண்டும்” என்றேன்.

“ஓ, உங்கள் ஊரில் ஓட்டப்பந்தயமா?” என்றார் அவர். பிறகு என் தோளைத் தட்டி, நாளைக்கு வேறொரு பெண் ஓட்டட்டும், நீ கொடி பிடித்தால் போதும் என்றார். அந்தக் கனிவுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நானேதான் ஓட்டுவேன் என்றேன். வீட்டுக்கு வந்தால் என் கணவரும் அதே பாட்டு: “நமக்கு எதுக்கு இந்த வம்பு? பேசாம இரு.”

பேசாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துமாரிக்குப் போன் போட்டேன். அவள் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாள்.

“ஓடிட்டியாக்கா? நல்லவேளை!”

“அதுக்குத்தான் எல்லாரும் சிரிக்காக, மாரி.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாக. ஓடாம உக்காந்திருந்தேன்னு சொல்லியிருந்தாத்தான் எனக்குப் பயமா இருந்திருக்கும்.”

“இன்னைக்கு உக்காரத்தான் போறேன்.”

“வண்டில மருந்து கிருந்து இல்லைல்ல?”

“இல்ல. பீரங்கிக்குள்ள மட்டுந்தான், கொஞ்சூண்டு.”

“அப்பச் சரி. கயித்தக் கெட்டியாப் பிடிச்சுக்க.”

பந்தயத்துக்கு வெகு முன்பே மேட்டுக்குப் போனேன். பீரங்கிக்காரரிடம் எனக்காக ஒருமுறை வெடிக்கச் சொன்னேன். தேவாலயச் சுவர் வரை ஓடிவிட்டேன். திரும்பி வந்து, இன்னொரு முறை என்றேன். இந்தத் தடவை அங்கிருந்த வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பல்லைக் கடித்தேன், கண்ணில் நீர் வந்தது, நின்றேன். பார்த்துக்கொண்டிருந்த பீட்டர், உனக்கு மட்டும் விசில் ஊதச் சொல்லட்டுமா என்று கேட்டார். எல்லோருக்கும் எதுவோ அதுவே எனக்கும் என்று சொல்லிவிட்டேன்.

பந்தய நேரம் வந்தது, பீரங்கி வெடித்தது. நான் பெட்டிக்குள்ளேதான் இருந்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் தமிழில் கத்திக்கொண்டே கடைத்தெரு வரை உருண்டு போய்ச் சேர்ந்தேன். கடைசி இடம்தான். தெருவே ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டது.

மறுவாரம் பீட்டர் ஒரு புகைப்படம் கொண்டுவந்தார். பீரங்கி வெடித்த நொடியில் எடுத்தது. தலைக்கவசத்தில் முகம் தெரியவில்லை. நரம்பு புடைக்க இரண்டு கையும் கயிற்றைப் பிடித்திருந்தன. இடது கால் மட்டும் பெட்டிக்கு வெளியே, சாலையில் விரலூன்றி, குதிகால் தூக்கி, ஓடத் தயாராக நின்றது. வண்டி பின்தங்கியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பொது அறிவிப்புப் பலகையில் மாட்ட வேண்டும், அந்தக் காலை வெட்டிவிட்டால் படம் நன்றாக இருக்கும் என்றார் பீட்டர்.

“பலகைக்கு எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்” என்றேன். “வெட்டாத படம் ஒன்று எனக்கு வேண்டும். என் தங்கைக்கு அனுப்ப வேண்டும். அந்தக் காலைப் பார்த்தால்தான் இது நான் என்று அவளுக்குத் தெரியும்.”