கேள்வியின் கடைசி வரி

தங்கை மூன்றாவது முறையாக டாக்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் குதிகால் உடைந்து வீட்டுக்கு வந்தேன். ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் வேலை. குழாய் இறக்கும்போது மேலிருந்து விழுந்துவிட்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கிளம்பியவன், அதன்பிறகு சேர்ந்தாற்போல் ஆறு வாரம் வீட்டில் இருந்ததே கிடையாது.

அவள் வெளிநாட்டில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவள். அப்படிப் படித்து வருகிறவர்கள் இங்கே ஒரு தேர்வில் ஜெயித்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும். இரண்டு முறையும் சில மதிப்பெண்ணில் தவறிவிட்டது. இதுவும் போனால் இனி எழுதுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் போன் எடுக்கிற வேலை தயாராக இருந்தது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் டாக்டராகிப் போவதைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மழைக்காலத்தில் உள்ளே துணி காயப்போடும் கயிற்றில் மருந்துப் பட்டியல்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். கட்டிலில் படுத்தால் என் மூக்குக்கு நேரே சிறுநீரக மருந்துகள் ஆடும். நான்காம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“எட்டி, நான் கேள்வி வாசிக்கட்டா?”

“நீயா?”

“நாலு மாநிலத்து ரோட்டுப் போர்டு வாசிச்சவனாக்கும்.”

சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டாள். தையல் மிஷினில் இருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: “கடைசியில ரெண்டும் ஒரே கிளாசில ஆயாச்சு.”

நான் எழுத்துக் கூட்டித்தான் ஆங்கிலம் வாசிப்பேன். ஒவ்வொரு கேள்வியும் ஐந்தாறு வரி. யாரோ ஒரு நோயாளியின் கதை, கடைசியில் கேள்வி. நான் இரண்டாவது வரியில் தடுக்கிக்கொண்டு நிற்கும்போதே அவள் பதிலைச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறினால் நெற்றியில் அடித்துக்கொண்டு, “இது எனக்குத் தெரிஞ்சதாக்கும்” என்பாள். தெரிந்ததுதான் அதிகமும் தவறியது.

ஒருநாள் கேள்வியில் ஐம்பத்தெட்டு வயது ஆள் ஒருவர் வந்தார். திடீரென நெஞ்சுவலி, வியர்வை.

“மாரடைப்பு. ரத்தக்கட்டக் கரைக்க மருந்து போடணும்” என்றாள். பாதி எழுந்தே விட்டாள்.

“இன்னும் உண்டு, இரி.” மிச்சத்தை வாசித்தேன். வலி கிழிப்பதுபோல் முதுகுக்குப் போகிறது. இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் வேறுவேறாக இருக்கிறது.

அவள் மெல்ல உட்கார்ந்தாள். “மாரடைப்பு இல்ல. நெஞ்சில இருந்து வாற பெரிய ரத்தக்குழாய்க்க உள்பக்கம் கிழிஞ்சு, ரத்தம் ரெண்டு அடுக்குக்கும் இடையில ஏறுது.”

லாரியில் கம்ப்ரசரின் காற்றுக்குழாய் அப்படி உள்ளே கிழிந்து புடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். வெடித்தால் பக்கத்தில் நிற்க முடியாது.

“நீ சொன்ன மருந்தப் போட்டா?”

“ஆள் போயிருவாரு.”

அவள் பாதி எழுந்த விதம் என் கண்ணிலேயே நின்றது. அதை நான் முன்பு எங்கள் சபையில் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் ஞாயிறுதோறும் அங்கே வசனப்போட்டி நடக்கும். வேத வசனத்தின் முதல் இரண்டு வார்த்தையைச் சொல்வார்கள். யார் முதலில் எழுந்து மிச்சத்தைச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஸ்டீல் தட்டு. எங்கள் வீட்டில் சாப்பிடுகிற தட்டெல்லாம் அவள் வாங்கியது. நான் ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை.

“எட்டி, நீ இன்னும் வசனப்போட்டியிலயாக்கும் நிக்குத.”

முறைத்தாள்.

“வசனம் தொடங்கினா ஒரேபோலதான் முடியும். இந்த ஆளுக்க கத அப்படி இல்லியே.”

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். கோபம் என்று நினைத்தேன். ஒரு செம்பு தண்ணீரோடு திரும்பி வந்தாள். ஒரு வாய் நிறைய நிறைத்துக்கொண்டு, வாசி என்று கையைக் காட்டினாள். நான் கடைசி வார்த்தையை முடிக்கும்வரை விழுங்கக் கூடாது என்பது அவளே வைத்த சட்டம்.

மீதி நாளெல்லாம் அப்படித்தான் போயிற்று. காலையில் இதயம், பிற்பகலில் குழந்தைகள், விளக்கு வைத்தபின் விஷமும் பாம்புக்கடியும். கன்னம் உப்பியபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மருந்தின் பெயரை நான் கொலை செய்ததைக் கேட்டுச் சிரித்து, மொத்தத் தண்ணீரையும் என் மாவுக்கட்டின்மேல் துப்பினாள். அம்மா துடைத்துவிட்டு, “டாக்டரும் கம்பவுண்டரும் கொள்ளாம், நல்ல சோடி” என்று சொல்லிப் போனாள்.

கட்டுப் பிரித்த மறுவாரம் தேர்வு. நானும் நொண்டிக்கொண்டே கூடப் போனேன். வெளியே வந்தவள் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள்.

“எப்படி மக்கா?”

“எல்லாம் முழுசா வாசிச்சேன். எட்டு கேள்விக்கு நேரம் இல்லாம போச்சு. தோணின பதில கம்ப்யூட்டரில அமத்திட்டு வந்தேன்.”

சரி என்றேன். ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்கு அந்த எட்டுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவளை மெதுவாக்கியது நான். ஒற்றை இலக்க வித்தியாசத்தில் இரண்டு முறை தோற்றவளுக்கு எட்டு சின்ன எண் அல்ல. ஊருக்கு வந்தபின் லாரியிலிருந்து மூன்று தடவை வேலைக்குக் கூப்பிட்டார்கள். கால் இன்னும் சரியாகவில்லை என்று சொன்னேன். தினமும் கேரள எல்லை தாண்டிப் பாறசாலை வரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. அவள் போனைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அம்மா மிஷினை நிறுத்தினாள்.

“ஜெயிச்சாச்சு அம்மா. பாஸ் மார்க்கவிட பதினேழு கூடுதல்.”

தைத்துக்கொண்டிருந்த துணியிலேயே அம்மா முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் போய்ப் பையில் சட்டைகளை மடித்து வைக்கத் தொடங்கினேன். தங்கை பின்னால் வந்து நின்றாள்.

“அந்த எட்டுக்காக்கும் போகாம கெடந்த, இல்லியா?”

“பஸ் கெடைக்கல்ல.”

“ஒரு மாசமா?”

மடித்த சட்டையைப் பிடுங்கி, ஒழுங்காக மடித்து உள்ளே வைத்தாள்.