யாக்கூப் மனப்பாடம் செய்த விடைகள்

யாக்கூப் சிங்கப்பூரில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டியவர். செங்காங்கிலிருந்து ஜாலான் புசார் வழியாகப் போகும் தடம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர், ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரு பட்டப்பகலில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்விட்டார். பயணிகள் மணியை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். எந்தச் சாலையில் நிற்கிறோம் என்பது அவருக்குச் சில நிமிடங்கள் பிடிபடவே இல்லை.

கம்பெனி அவரை மருத்துவமனைக்கு, ஞாபகத்திறன் சோதனைக்கு அனுப்பியது. அவருடைய வாப்பா கடைசி மூன்று வருடம் பெற்ற மகனையே "நீங்க யாரு தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்.

மனைவி ஷமீமாவிடம் கண் பரிசோதனை என்று பொய் சொன்னார். ஒரு வாரம் கைபேசியில் துழாவி, அப்படியொரு சோதனைத்தாளைக் கண்டுபிடித்தார். ஐந்து சொற்கள், ஒரு கடிகாரப் படம், கொஞ்சம் கழித்தல் கணக்கு. டெப்போ கழிவறையில் நின்று முணுமுணுத்தே உருப்போட்டார்.

மருத்துவமனையில் அதே தாள்தான் வந்தது. உளவியலாளர் வர்ஷா மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து, "முப்பதுக்கு இருபத்தொன்பது. நல்லா செஞ்சிருக்கீங்க அங்கிள்" என்றார். யாக்கூப் மறுபடி வண்டியில் ஏறினார்.

மூன்றாம் நாள், சக்கர நாற்காலியில் வந்த ஒரு அம்மாவை ஏற்றிவிட்டு இருக்கையில் உட்கார்ந்தார். சாய்தளத்தை மடித்தோமா? இறங்கிப் பார்த்தார். மடித்துத்தான் இருந்தது. உட்கார்ந்ததும் மீண்டும் அதே சந்தேகம். மறுபடி இறங்கினார்.

"என்ன அங்கிள், பஸ் பழுதா?" என்று ஒருவர் கேட்டார்.

யாக்கூப் எஞ்சினை அணைத்தார். தேறியது அவருடைய மூளையா, உருப்போட்ட பாடமா? அவருக்கே தெரியவில்லை. பின்னால் நாற்பது உயிர்கள். உடம்பு சரியில்லை என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, வேறு ஓட்டுநரை வரவழைத்தார்.

வீட்டுக்குப் போய் ஷமீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஷமீமா, "நாளைக்கு நானும் வர்றேன். அந்தப் பொண்ணுகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க" என்றார்.

மறுநாள் மருத்துவமனையில், "மிஸ், நான் பாத்து மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்தேன்" என்றார் யாக்கூப்.

வர்ஷா கோபப்படவில்லை. "இது பாஸ் ஃபெயில் பரீட்சை இல்ல அங்கிள். எல்லாரும் முன்கூட்டிப் பாக்காம, ஒரே முறையில செய்யணும். அப்பதான் உங்க வயசு, உங்க படிப்பு உள்ளவங்களோட ஒப்பிட முடியும். பாத்துட்டு வந்தா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. இந்தத் தடவ வேற சோதனை வைக்கிறேன். தமிழ்லயே செய்யலாம். பயமும் தூக்கமில்லாததும்கூட ஸ்கோரக் குறைச்சிடும், நல்லா தூங்கிட்டு வாங்க."

சோதனைக்கு முந்தைய இரவு யாக்கூப் தூங்கவில்லை. வர்ஷா அதை முதலில் கேட்டுக் குறித்துக்கொண்டார். சோதனை மூன்று மணி நேரம் நீண்டது. ஒரு சின்னக் கதையைப் படித்துக் காட்டி, அரை மணி கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மீன் விற்கும் ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது. சரியாகச் சொன்னாலும் தவறாகச் சொன்னாலும் வர்ஷா ஒரே குரலில் "சரி, அடுத்தது" என்றார். அந்தக் குரல்தான் யாக்கூபை அதிகம் மிரட்டியது.

இரண்டு வாரம் கழித்து மருத்துவரும் வர்ஷாவும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். சோதனை, இடையில் எடுத்த மூளை ஸ்கேன், ஷமீமா சொன்ன விவரங்கள் எல்லாவற்றையும் வைத்துத்தான் முடிவுக்கு வந்திருந்தார்கள். புதிதாகக் கேட்பது மனதில் தங்குவதில் குறை இருந்தது. இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்றார் மருத்துவர்.

"வாப்பா மாதிரி ஆயிடுவேனா?"

"இப்ப உறுதியா சொல்ல முடியாது அங்கிள்," என்றார் வர்ஷா. "சில பேருக்குக் கூடும், சில பேருக்கு அப்படியே இருக்கும். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாத்து, இதோட ஒப்பிடுவோம்."

யாக்கூப் இப்போது டெப்போவில், திரும்பி வரும் பேருந்துகளில் பயணிகள் விட்டுப்போன பொருள்களைச் சேகரிக்கிறார். ஒரு பெயர் சட்டென்று வராவிட்டால் நெஞ்சு படபடக்கிறது. அடுத்த சோதனை மார்ச் மாதம். ஷமீமா கூடப் போவதற்காக, தன் வேலையிடத்தில் அன்றைக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.