மதினி துணி துவைத்த கல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு துவைக்கிற கல் கொடுத்த அதிர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் பழங்கால விசித்திரம் எதையாவது எடுத்து விட்டு உங்களை மிரட்டுகிறவன் நான். பூனை செத்தால் எகிப்துக்காரர்கள் புருவத்தை வழித்துக்கொண்டார்கள், ரோமாபுரியில் சிறுநீரை ஊற்றித் துணி வெளுத்தார்கள்... இப்படியெல்லாம் எழுதுகிறவனையே ஒரு கல் ஆட்டி வைத்துவிட்டது.

நடந்தது இடைசெவலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம், மதினி கோபித்துக்கொள்வார். மதினி என்றால் என் பெரியப்பா மகனின் மனைவி, சண்முகத்தாய். அண்ணன் மூன்று வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். ஐம்பத்திரண்டு வயசு, சாகிற வயசா அது? ஒரே மகன் திருப்பூரில் இருக்கிறான். மதினி ஒற்றை ஆளாக நாலு ஆட்டையும் கொஞ்சம் மக்காச்சோளத்தையும் பார்த்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்.

பின்கட்டில் பாத்ரூம் கட்ட வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்திருக்கிறான். அதற்கு இடைஞ்சலாகக் கிடந்தது துவைக்கிற கல். "தம்பி, ஞாயித்துக்கெழம கொத்தனார் வாராரு. ஆம்பள ஆளு ஒண்ணு நின்னா நல்லாருக்கும்" என்று மதினி போன் செய்தார். கோவில்பட்டியிலிருந்து பஸ் பிடித்துப் போய் நின்றேன்.

நாலடி நீளக் கல். பெரியப்பா எங்கோ ஓடைக்கரையில் கிடந்ததை வண்டியில் ஏற்றி வந்து போட்டாராம். கரிசல்காட்டு ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். எங்கள் பக்கம் தோண்டத் தோண்ட மண்தான். மழை பெய்துவிட்டால் செருப்போடு ஒரு கிலோ மண்ணும் கூடவே நடந்து வரும். அப்படிப்பட்ட ஊரில் தட்டையாக ஒரு கல் கிடைத்தால் யார் விடுவார்கள்? அது முன்னால் என்னவாக இருந்தது என்று யார் விசாரிப்பார்கள்?

கொத்தனாரும் இன்னொருவரும் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கல் புரண்டது. அடிப்பக்கம் ஒட்டியிருந்த மண்ணை மதினி ஒரு வாளித் தண்ணீர் விட்டுக் கழுவினார். முதலில் ஒரு கால் தெரிந்தது. பிறகு இடுப்பு. பிறகு முழு ஆள்.

இடது கை தன் கொண்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. வலது கையில் வாள். அந்த வாள் இருப்பது அவன் கழுத்திலேயே. முகத்திலோ சிரிப்பு.

"ஏ சாமி... தன் கழுத்தத் தானே அறுக்கானே" என்று கொத்தனார் கடப்பாரையைக் கீழே போட்டார்.

எனக்கும் அதிர்ச்சிதான். அதே சமயம், உண்மையைச் சொல்வதென்றால், பரம சந்தோஷம். புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த நவகண்டம், எங்கள் வீட்டுப் பின்கட்டில்! சத்தம் கேட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். விடுவேனா? ஆரம்பித்துவிட்டேன். ராஜா போரில் ஜெயிக்க வேண்டும், ஊர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கொற்றவைக்கு முன்னால் தன் தலையைத் தானே அரிந்து கொடுத்த வீரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இப்படிக் கல் வைத்தார்கள் என்றேன். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. கேட்கக் கேட்க எனக்கு வேகம் கூடியது. "அந்தக் காலத்துல ராஜாவே இதுக்கு முன்னால விழுந்து கும்பிட்டிருப்பாரு" என்று கையிலிருந்து ஒரு சரக்கையும் சேர்த்துப் போட்டேன்.

அங்கேதான் கெட்டது குடி.

"ராஜா கும்பிட்ட கல்லுலயா அழுக்குத்துணிய அடிச்சித் துவைச்சிருக்கீங்க?" என்று கேட்டார் மளிகைக்கடை அண்ணாச்சி. தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற மனிதர். "எத்தன வருசமா?"

"கல்யாணமாயி வந்ததுலேருந்து. முப்பது வருசம் இருக்கும்" என்றார் மதினி, வெள்ளந்தியாக.

அண்ணாச்சி கல்லைப் பார்த்தார். மதினியின் வெறும் நெற்றியைப் பார்த்தார். "அதான்" என்றார். "அதான் அவிய அம்பத்திரண்டு வயசுல பொசுக்குன்னு போயிட்டாவ."

என்ன பேச்சு இது? யாராவது அவரை அதட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் அதட்டவில்லை. தலையாட்டினார்கள். ஒருவர் பொய்த்துப்போன மழையைச் சொன்னார். ஒருவர் மக்காச்சோளத்தில் விழுந்த படைப்புழுவைச் சொன்னார். ஒரு அம்மாள், தன் மருமகளுக்கு இரண்டு தடவை கரு கலைந்ததைச் சொல்லிவிட்டு மதினியை ஒரு பார்வை பார்த்தார். கால் மணி நேரத்தில் ஊரில் நடந்த கெட்டதெல்லாம் மதினி தலையில் வந்து இறங்கிவிட்டது. தீர்ப்பும் தயார். மதினி ஊர் முன்னால் கல்லின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கப்புறம் கல் இருக்கிற பக்கமே வரக்கூடாது.

நான் குறுக்கே விழுந்தேன். கல் குப்புறக் கிடந்தது, மதினிக்கு எப்படித் தெரியும், அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன். அதே வாய்தான். பத்து நிமிடத்துக்கு முன்னால் வாயைப் பிளந்து கேட்ட அதே ஆட்கள்தான். இப்போது ஒரு காதும் எனக்குக் கிடைக்கவில்லை. ராஜா கதையை நம்பியவர்கள் ரத்தக்கொதிப்பை நம்பவில்லை.

மதினி வீட்டுக்குள் போனார். பின்னாலேயே போனேன். அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீங்க படிச்சவிய. நெசத்தச் சொல்லுங்க. அவிய போனதுக்கு இதுதான் காரணமா? நாந்தான் காரணமா?"

புருவம் வழித்த எகிப்தும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், இப்படி ஒரு கேள்வியை இந்த மனுஷி கேட்கும்படி ஆக்கிவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"மதினி, அண்ணன் மாத்திரையப் போடாம நிறுத்திட்டாரு. டாக்டர் என்கிட்டயே சொன்னாரு."

"தெரியும். ஒரு வருசமாப் போடல. போடுங்க போடுங்கன்னு தெனமும் அவியகூட மல்லுக்கு நின்னேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அது தெரிஞ்சிருந்தும் ஒரு நிமிசம் நம்பிட்டேன் பாருங்க."

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதற்குள் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, யாரோ சூடமே ஏற்றியிருந்தார்கள். மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இவரு மண்ணுக்குள்ள மூஞ்சி புதைஞ்சி கெடந்தப்ப, நீங்க யாராவது ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனீங்களா? முப்பது வருசம் தெனமும் ஊத்துனவ நான் ஒருத்திதான். கோவம்னா அவரு என்கிட்டச் சொல்லட்டும். இந்தா, நிக்கேன்."

வாளித் தண்ணீரை வீரனின் தலையில் நிதானமாக ஊற்றினார். சூடம் அணைந்தது. அண்ணாச்சி எதையோ சொல்ல வாயெடுத்து, மதினியின் முகத்தைப் பார்த்து, கடையில் ஆள் இல்லை என்று கிளம்பிவிட்டார்.

ஊருக்கு ஒரு கஷ்டம் என்றால் அந்தக் காலத்து மனிதன் தன் தலையை அறுத்துக் கொடுத்தான். என்ன காட்டுமிராண்டித்தனம் என்று நாம் உச்சுக்கொட்டுகிறோம். சரி, நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டில் ஒரு தலை கிடைக்குமா என்று தேடுகிறோம். அதுவும் கேட்க ஆளில்லாத தலையாகப் பார்த்து...

எல்லாம் சுபம் என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த மருமகளின் மாமியார் இன்னும் மதினியோடு பேசுவதில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒதுங்கிப் போகிறாராம். கல்லைப் பற்றி கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லியிருக்கிறோம். இப்போதைக்கு அது வேப்பமரத்தடியில் நிற்கிறது. தினமும் காலையில் மதினிதான் தண்ணீர் ஊற்றுகிறார்.

நேற்று போன் செய்தார். நான் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். காதிலேயே வாங்கவில்லை.

"அத விடுங்க தம்பி. அழுக்குத்துணி மலையாக் கெடக்கு. கோவில்பட்டியில ஒரு தொவைக்கிற கல்லு பாத்து அனுப்புங்க. ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு வாங்குங்க."