கிணத்தடியில கத்தி வேண்டின ஜெபம்

என் பேரு ஸ்டெல்லா. பொம்மிடி பக்கம் மரவள்ளி போட்டுப் பொழைக்கிற குடும்பம். நம்ம கோயில் பங்குல என்னைத் தெரியாதவங்க கம்மி, ஏன்னா எனக்கு வாய் ஜாஸ்தி. அந்த வாயால சொன்ன ஒரே ஒரு பொய்யினால ஒரு பச்சப் புள்ளையப் பறிகொடுக்க இருந்தேனுங்க. இதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆனா ஆண்டவர் செஞ்சதை மறைக்க எனக்கு மனசு வரல.

என் தங்கச்சி லீமாவை மலேசியாவுல கட்டிக் கொடுத்தோம். அவ புருசன் சின்ன வயசுலயே தவறிட்டாரு. மூணு வருசத்துக்கு முன்னாடி காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போன லீமாவும் திரும்பி வரல. ஒரே பொண்ணு ஜெனி, அப்ப அஞ்சு வயசு. அங்க எடுத்து வளக்க ஆளில்லாம ஒரு இல்லத்துல சேத்துட்டாங்க. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருசம், குழந்தை இல்ல. அவளைத் தத்தெடுத்துக் கூட்டியாந்துடறதுன்னு நானும் எங்க வீட்டுக்காரரும் முடிவு பண்ணோம்.

வேற நாட்டுல இருக்கற புள்ளையத் தத்தெடுக்கறது லேசுப்பட்ட காரியமில்லைங்க. இங்க ஒரு பேப்பர் கேப்பாங்க, அதைக் கொடுத்தா அங்க இன்னொண்ணு கேப்பாங்க. தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். முடியாதுன்னு ஒரு வரி எழுதி வந்துடுமோன்னு பயம். ஒண்ணரை வருசம் இப்படியே போச்சு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் போன்ல வீடியோவுல ஜெனியக் காட்டுவாங்க. மொத தடவை அந்த மூஞ்சியப் பாத்ததும் எனக்கு லீமாவையே பாத்த மாதிரி ஆயிடுச்சு. இந்தப் புள்ளைகிட்ட யாரும் இன்னும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நானா நெனச்சுக்கிட்டேன். அவ வாயைத் தொறக்கறதுக்குள்ள, "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காடா தங்கம். நல்லானதும் இங்கதான் வருவா. அம்மா வர வரைக்கும் நீ பெரியம்மாகிட்ட இரு"ன்னு உளறிட்டேன். அவ என்னையே பாத்தா. "சரி பெரியம்மா"ன்னா. அவ்வளவுதான்.

எங்க வீட்டுக்காரர் திட்டினாரு. "ஏண்டி, செத்தவளை உசுரோட இருக்கான்னு சொல்லிட்டியே, நாளைக்கு என்னடி பண்ணுவ?"ன்னாரு. "அதை நாளைக்குப் பாத்துக்கலாம், சும்மா இருங்க"ன்னு நான்தான் அவர் வாயை அடைச்சேன்.

போன தவக்காலத்துல ஜெனி வந்து சேந்தா. அன்னையிலருந்து வேற பயம் புடிச்சுக்கிச்சு. அவ "பெரியம்மா"ன்னு கூப்பிட்டாலே, அம்மா எங்கன்னு கேக்கப் போறான்னு ஏதாவது வேலையைச் சாக்குச் சொல்லி நகந்துடுவேன். ஆனா அவ கேக்கவே இல்லீங்க. ஒரு நாள் கூட கேக்கல. விருந்தாளி மாதிரி கொஞ்சமா சாப்புடுவா, தட்டைக் கழுவி வெச்சுடுவா. துவைச்ச துணியை பீரோவுல வைக்காம, கொண்டு வந்த பெட்டியிலயே மடிச்சு வைப்பா. அதைப் பாக்கறப்பல்லாம், எப்ப வேணா கெளம்பிடுவாளோன்னு தோணும்.

உயிர்ப்புத் திருநாள் முடிஞ்ச அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை. தத்தெடுத்த புள்ளை எப்படி இருக்குன்னு பாக்க ஆபீஸ்லருந்து ஒரு மேடம் வந்தாங்க. நான் டீ போட்டுக்கிட்டே, "ஜெனி, வாம்மா, மேடம் வந்திருக்காங்க"ன்னு கூப்பிட்டேன். சத்தமில்ல. ரூம்ல பாத்தேன், பாத்ரூம்ல பாத்தேன், எங்கயும் காணோம். பின்கதவு தொறந்து கெடந்துச்சு.

எங்க வூட்டுக்குப் பின்னாடியே மரவள்ளிக் காடு. ஆளு உசரத்துக்கு வளந்து நிக்குது. அதைத் தாண்டினா கிணறு. அதுக்குச் சுத்துச் சுவர் கிடையாது.

எல்லாரும் ஓடினோம். பக்கத்துக் காட்டு முருகேசண்ணனும் ஓடியாந்தாரு. "ஜெனி, ஜெனி"ன்னு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. எங்க வீட்டுக்காரர் கிணத்தோரம் நின்னு தண்ணியவே பாத்தாரு. சட்டையைக் கழட்டினாரு. அவர் குதிச்சாரு. மேல வந்து மூச்சு வாங்கினாரு. மறுபடி முங்கினாரு.

நான் அப்படியே மண்ணுல முட்டி போட்டேன். தினம் சொல்ற ஜெபமாலை மந்திரம் ஒண்ணும் வாயில வரல. கத்தல்தான் வந்துச்சு.

"ஆண்டவரே, பொய் சொன்னவ நானு! லீமா செத்துட்டான்னு தெரிஞ்சேதான் ஆஸ்பத்திரியில இருக்கான்னு புள்ளைகிட்ட சொன்னேன்! தண்டிக்கறதுன்னா என்னைத் தண்டியும்! எம் புள்ளைய உசுரோட குடுத்துடும், எம் வாயாலயே உண்மையைச் சொல்லிடறேன். அவ என்னை வெறுத்தாலும் பரவால்ல, குடுத்துடும் சாமி!"

மேடம் பக்கத்துல நிக்கறது தெரியும். இதைக் கேட்டா புள்ளையக் கூட்டிட்டுப் போயிடுவாங்களோன்னும் பயம்தான். இருந்தும் கத்தினேன்.

பின்னாடி மரவள்ளி சலசலன்னு ஆடுச்சு. முட்டியெல்லாம் செம்மண்ணா ஜெனி வெளிய வந்தா.

"பெரியம்மா, அம்மா செத்துப்போனது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்னு தலையாட்டினேன்.

"இல்லத்துலயே எங்கிட்ட சொல்லிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்"ன்னா. "அந்த ஆன்ட்டி வந்து சொல்லிடுவாங்கன்னு ஒளிஞ்சுக்கிட்டேன். அம்மா வர வரைக்கும்தானே இங்க இருக்கச் சொன்னீங்க? அம்மா வரவே மாட்டாங்கன்னு தெரிஞ்சா என்னை அனுப்பிடுவீங்கல்ல?"

அவளை இழுத்து மடியில போட்டுக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் ஈரத்தோட மேல ஏறி வந்து எங்க ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிக்கிட்டாரு. மேடம் கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "நடந்ததை நான் எழுதித்தாங்க ஆகணும். உங்களை விட்டுப் போகப் பயந்துதான் ஒளிஞ்சாங்கறதையும் சேத்து எழுதறேன். மொதல்ல கிணத்துக்குச் சுவர் கட்டுங்க"ன்னாங்க. அந்த மாசமே கட்டிட்டோம்.

யோசிச்சுப் பாருங்க. நாலு பேரு பேர் சொல்லிக் கூப்பிட்டும் வராத புள்ளை, அந்த ஜெபத்தைக் கேட்டுத்தான் வந்துச்சு. நான் மனசுக்குள்ள வேண்டியிருந்தா ஆண்டவருக்குக் கேட்டிருக்கும், ஜெனிக்குக் கேட்டிருக்காது. என்னை வாய் விட்டுக் கத்த வெச்சது அவரேதான்னு நான் நம்பறேன். அன்னைக்கு மத்தியானம் நானும் ஜெனியும் லீமாவை நெனச்சு சேந்து அழுதோம். அத்தனை நாளும் அந்தப் புள்ளை, நான் அழக்கூடாதுன்னு தான் அழாம இருந்திருக்குங்க.

நீங்களும் ஏதாவது பயத்தை மூடி மறைச்சு வெச்சுக்கிட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தா, வேணாங்க. இருக்கறதை இருக்கறபடி அவர்கிட்ட கொட்டிடுங்க. அவர் தாங்கிக்குவாரு.

என் பயம் முழுசா போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். இப்பவும் அஞ்சு நிமிசம் அவ சத்தம் கேக்கலன்னா செய்யற வேலையை நிறுத்திடுவேன். "ஜெனி"ன்னு கூப்பிடுவேன். "இருக்கேன் பெரியம்மா"ன்னு எங்கிருந்தாவது குரல் கொடுப்பா. ஒவ்வொரு தடவையும் நன்றி ஆண்டவரேன்னு சொல்லிட்டுத்தான் அடுத்த வேலையைப் பாக்கறேன்.