ராத்தாவின் காதில் ஹெட்போன்

என் மூத்த சகோதரி ராத்தாவின் புருஷன் மவுத்தான பிறகு, கல்முனைக்குடியில் அவள் இத்தா இருந்த வீட்டுக்கு நானும் மகளும் துணைக்குப் போயிருந்தோம். இத்தாவில் கணவனை இழந்தவள் வெள்ளை உடுத்தி, பிற ஆண்கள் கண்ணில் படாமல், மாதக்கணக்காக வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். ராத்தா அழவில்லை, கதைப்பதைத்தான் விட்டிருந்தாள். சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுவாள்.

என் மகளுக்குக் கொரியப் பாட்டுக் குழு ஒன்றின்மேல் பைத்தியம். மேடையில் மினுங்கும் உடுப்போடு ஆடுகிற அந்தப் பையன்கள், யூடியூபில் வரும் விளையாட்டு நிகழ்ச்சியில் கலைந்த தலையும் வீட்டுச் செருப்புமாக ஒரு கோழிப் பொரியலுக்காக அடிபடுவார்கள். ஒருநாள் மகள் அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்னகா, ஏன் இப்பிடிச் சிரிக்கிறாய்?" கட்டிலில் இருந்து ராத்தாதான் கேட்டாள்.

மகள் போனைக் காட்டினாள். ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இத்தாவில ஆம்புளயளப் பாக்கலாமா?" பிறகு மெல்ல எட்டிப் பார்த்தாள். "அட, இதுகள் பச்சப் புள்ளையள்!"

அந்த விளையாட்டில் காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டை உரக்க விடுவார்கள். முன்னால் நிற்பவன் சொல்வதை வாயசைவை வைத்தே கண்டுபிடித்து அடுத்த ஆளுக்குச் சொல்ல வேண்டும். கடைசி ஆளிடம் போகும்போது சொல் வேறொன்றாகியிருக்கும். மகள் கீழே ஓடும் ஆங்கிலத்தை வாசித்து எங்கள் பேச்சில் சொல்லிக்கொண்டு போனாள். முழுப் பிழையாகச் சொன்ன ஒருவன் வென்றவன் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றான். ராத்தாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளென்று பயந்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் அசர் தொழுகைக்குப் பிறகு அவளே கேட்டாள்: "அந்த ஹெட்போன எனக்கும் ஒருக்கா மாட்டுகா."

மகள் 'பாலப்பம்' என்று வாயசைத்தாள்.

"பாம்பா? பாம்பு! பாம்பு!" பாட்டுச் சத்தத்துக்கு மேலாக ராத்தா கத்தினாள்.

அடுத்த வீட்டு மாமி வாசல் கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடி வந்தார். "எங்ககா பாம்பு?"

ராத்தாவுக்குக் கேட்கவில்லை. "சரிதானேகா, பாம்புதானே?"

நானும் மகளும் சிரிப்பில் சரிந்தோம். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தா ஊட்டுல இதென்ன கூத்து?"

ராத்தா ஹெட்போனைக் கழற்றினாள். "சிரிச்சது பிழையா மாமி?"

மாமி அவள் முகத்தையே பார்த்தார். தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "நீ சிரிச்சு எவ்வளவு நாளாப் போச்சு. எங்க, எனக்கும் மாட்டு பாப்பம்."

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு ராத்தா தானாகவே சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டாள். சாப்பிடும்போது முதல்முறையாக மச்சானைப் பற்றிக் கதைத்தாள்.

"அவர் இருந்தாரெண்டா, தோத்துப்போற பொடியன்ட பக்கம்தான் நிண்டிருப்பார்."